பழைய பாகத்தை ஸ்கேன் எடுத்தால் உப்பரிப்பும் சேர்ந்தே வரும்

ஆசிரியருக்கு,

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் ஓடும் கார்களில் அலுமினிய பாகங்களை உப்புக்காற்று தின்றுவிடுகிறது. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் போன்ற வண்டிகளுக்கு உதிரிபாகம் தேடி அலைவானேன், பழையதை, உருவத்தை அப்படியே கணினியில் பதியும் லேசர் ஸ்கேனரில் காட்டி அப்படியே வார்த்துவிடலாமே என்ற பேச்சு பட்டறைகளில் அடிபடுகிறது. செய்யலாம்தான். ஆனால் ஸ்கேனருக்குத் தெரிவது அரித்துப்போன இன்றைய உருவம். நமக்கு வேண்டியது அது புதிதாக இருந்த அளவு.

எஞ்சினின் குளிர்நீர் வழியில் இருக்கும் தெர்மோஸ்டாட் மூடியைப் பாருங்கள். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் முகம் குழிகுழியாக இருக்கும். போல்ட்டை இறுக்கி இறுக்கி போல்ட் நுழையும் இரண்டு காதுகளும் வளைந்திருக்கும், துளைகளும் நீண்டுபோயிருக்கும். ஸ்கேனில் அரிக்காத திட்டுகளை மட்டும் தேர்ந்து, மென்பொருளில் அவற்றின் மேல் ஒரு தளத்தைப் பொருத்த வேண்டும். துளைகளின் மையத்தை மூடியில் தேடக் கூடாது. எஞ்சின் பக்கத்து முகத்தையும் ஸ்கேன் செய்து அதிலிருந்து எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இதுதான்.

உப்பை வெந்நீரும் நைலான் பிரஷும் கொண்டு எடுங்கள். மணல் அடித்தால் விளிம்புகள் மழுங்கி அளவே மாறிவிடும். பளபளக்கும் முகத்துக்கு வெள்ளை ஸ்பிரே தேவை. கனமாக அடித்தால் பூச்சின் தடிமனும் அளவில் ஏறும். ஸ்கேனர் இடம் அறிய ஒட்டும் புள்ளிகளான குறிப்பொட்டுகளை ஒழுங்கு வரிசையில் ஒட்டினால் மென்பொருள் குழம்பும். தாறுமாறாக, விளிம்பு தவிர்த்து ஒட்டுங்கள்.

அடுத்தது வெப்பம். அளவுகளுக்கான சர்வதேச அடிப்படை 20 டிகிரி. 300 மி.மீ. அலுமினிய பாகம் 35 டிகிரியில் 0.1 மி.மீ. நீண்டிருக்கும். 0.03 மி.மீ. துல்லியம் என்று விற்கும் கருவியை நம் ஊர் மதிய வெயிலில் வைத்து என்ன பயன்? பாகத்தையும் கருவியையும் ஏ.சி. அறையில் சில மணி நேரம் ஆறவிட்டு எடுக்க வேண்டும்.

உள்ளே ஓடும் நீர்வழிக்குள் லேசர் நுழையாது. உருளைத் துளைகளின் விட்டத்துக்கு போர் கேஜ், மரையின் இடைவெளிக்கு பிட்ச் கேஜ் என்று கையால் அளந்தே வரைபடத்தில் ஏற்ற வேண்டும். வார்ப்பு அச்சில் அலுமினியச் சுருக்கத்துக்குச் சுமார் 1.3 சதவீதமும், வார்த்த பின் கடைந்து சீராக்கும் முகங்களில் 2 முதல் 3 மி.மீ.யும் கூட்ட வேண்டும். காசு கொடுப்பவர்கள் முக்கோண வலையான எஸ்.டி.எல். கோப்போடு திருப்தி அடையாமல், அளவுகளைத் திருத்தி வரைந்த கணினி வரைபடமான ஸ்டெப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பிரேக், ஸ்டீயரிங் பாகங்களை இந்த வழியில் செய்யவே வேண்டாம். உருவம் கிடைக்கும், உலோகத்தின் தரமும் வெப்பப் பதமும் ஸ்கேனில் வராது.

மாவட்ட ஐ.டி.ஐ. ஒன்றில் பொது ஸ்கேனர் அமைக்க அரசு முன்வந்தால், அதே அறையில் ஏ.சி., அளவெடுக்க உதவும் சமதளக் கிரானைட் மேடை, மைக்ரோமீட்டர் செட், அளவெடுக்கத் தெரிந்த ஒரு பயிற்றுநர் ஆகியவற்றையும் ஒரே ஒதுக்கீட்டில் சேர்க்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
வாகன உதிரிபாக வடிவமைப்புப் பணியாளர்கள்,
ராமநாதபுரம்.