இ4-இல் நிற்கும் குதிரை

காரைக்குடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சோம்பலால் அல்ல, வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியாதே, தலைக்கு ஊற்றாதே, படிக்காதே என்று ஏகப்பட்ட தடைகள். இப்போது பரவாயில்லை. செஸ் போர்டில் வெள்ளைக் காய்களெல்லாம் பழுப்பேறிவிட்டன, மாற்ற வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பழுப்பு என் கண்ணில்தான் இருந்திருக்கிறது. காய்கள் பளிச்சென்று இருக்கின்றன.

கொல்லையில் இருந்த முருங்கை போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. சின்னவள் பெங்களூரிலேயே வேறு வேலைக்கு மாறிக்கொண்டாள், சம்பளம் கூட, தூக்கம் குறைவு. மற்றபடி எல்லாம் அப்படியேதான். நீ முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருக்கிறாயா, இல்லை டாக்டரிடம் காட்டினாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியதெல்லாம் பேத்தியின் செஸ்ஸைப் பற்றித்தான்.

சரி, அதற்கு வருகிறேன். "கோச் அவளுக்கு ஏதோ பெட்ராஃப் டிஃபென்ஸ் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். எதிராளி செய்வதையே திருப்பிச் செய்கிறாள். இது ஆட்டமா, டிரா வாங்குவதற்கு மனுப் போடுவதா?" என்று எழுதியிருக்கிறாய். படித்துச் சிரித்தேன். மூன்றாம் நகர்விலேயே சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ராஜாவைத் திறந்து போட்டு ஆடியவன் நீ. பேத்தி கதவைச் சாத்திக்கொண்டு ஆடினால் உனக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்.

ஆனால் அது காப்பியடிப்பது இல்லை. போர்டை எடுத்து வைத்துக்கொண்டு படி. கட்டங்களை எழுத்தும் எண்ணுமாகவே எழுதுகிறேன்: எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை. வெள்ளை ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளி இ4, கருப்பும் அப்படியே இ5. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து உன் இ5 சிப்பாயைக் குறிவைக்கிறது. நாமெல்லாம் உடனே சி6-க்குக் குதிரையைக் கொண்டுவந்து அந்தச் சிப்பாயைக் காப்பாற்றுவோம். பெட்ராஃப் ஆடுகிறவர் காப்பாற்றுவதே இல்லை. குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து வெள்ளையின் இ4 சிப்பாயைக் குறிவைக்கிறார். நீ என்னுடையதை எடுத்தால் நான் உன்னுடையதை எடுப்பேன், அவ்வளவுதான். பயந்தவன் பேச்சா இது?

பெயர் வந்தது அலெக்சாண்டர் பெட்ராஃபிடமிருந்து. 1794-இல் பிறந்த ரஷ்யர். 1824-இல் அவர் எழுதிய செஸ் புத்தகம்தான் ரஷ்ய மொழியில் இந்த ஆட்டத்துக்கு வந்த முதல் பெரிய பாடநூல். அதனால் இதை ரஷ்ய ஆட்டம் என்றும் சொல்வார்கள். ஆனால் நகர்வுகள் அவருக்கு முந்தியவை. இதில் உள்ள ஒரு பொறிக்கு, 1512-இல் புத்தகம் போட்ட டாமியானோ என்ற போர்ச்சுகல்காரரின் பெயர் இருக்கிறது.

அந்தப் பொறியை நான் உனக்குச் சொல்லவே வேண்டாம். கல்லூரி முடித்து நீ திருச்சிக்கும் நான் இங்கேயும் போன பிறகு, பதினைந்து பைசா அஞ்சலட்டையில் ஆடினோமே, அதில் இரண்டாவது ஆட்டம். நீ என் இ5 சிப்பாயை எடுத்தாய். நான் ரோஷத்தோடு உடனே உன் இ4 சிப்பாயை எடுத்தேன். நீ ராணியை இ2-க்குக் கொண்டுவந்தாய். குதிரைக்கு ஆபத்து என்று நான் எஃப்6-க்குத் திரும்பினேன். நான்கு நாள் கழித்து உன் அட்டை வந்தது: "குதிரை சி6. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்." பின்னால் உன் ராணி. நடுவில் இருந்த குதிரை விலகியதால் என் ராஜாவுக்குச் செக். விலகிய குதிரை போய் நின்றதோ என் ராணியை வெட்டும் கட்டத்தில். அந்த அட்டை வெகுநாள் அலமாரியில் கிடந்தது. தபால்காரர் வேறு அதைப் படித்துவிட்டு, "யார் சார் பின்னால நிக்கறது?" என்று கேட்டார்.

ஆக, எடுப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டி6 சிப்பாயால் வெள்ளைக் குதிரையை விரட்ட வேண்டும். அது எஃப்3-க்குத் திரும்பிய பிறகுதான் இ4-ஐ எடுக்க வேண்டும்.

விரட்டினால் எல்லாரும் திரும்பிவிட மாட்டார்கள். ஜான் கோக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டர் கல்கத்தாவில் இருந்தார். 1848-இல் மொஹேஷ்சந்திர பானர்ஜியோடு ஆடும்போது, விரட்டப்பட்ட குதிரையை அப்படியே எஃப்7-இல் கொடுத்து ராஜாவை வெளியே இழுத்தார். குதிரைக்கு இரண்டு சிப்பாய். உனக்குப் பிடித்த வகை. 1999-இல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில் டோபலோவ் இதையே கிராம்னிக்குக்கு எதிராக ஆடினார், டிரா ஆனது. பேத்தியிடம் யாராவது ஒருநாள் இதை ஆடத்தான் போகிறார்கள். ராஜாவால் எடுத்துவிட்டு, அவசரப்படாமல் காய்களை வெளியே கொண்டுவரச் சொல்.

வெள்ளை ஒழுங்காகத் திரும்பியது என்றே வைத்துக்கொள்வோம். கருப்புக் குதிரை இப்போது இ4-இல் நிற்கிறது. எனக்குப் புரிந்தவரை பெட்ராஃப் முழுவதும் இந்த ஒரு குதிரையைப் பற்றிய வழக்குதான். அது அங்கே நிலைக்குமா, நிலைக்காதா, போவதானால் என்ன விலை கேட்டுவிட்டுப் போகும்? பெரிய வழியில் வெள்ளை டி4 ஆடும், கருப்பு டி5 ஆடிக் குதிரைக்கு முட்டுக்கொடுக்கும். பிறகு வெள்ளை பிஷப், சி4 சிப்பாய், யானை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அந்த முட்டுக்காலை உடைக்கப் பார்க்கும். கார்ப்போவும் காஸ்பரோவும் உலகப் பட்டத்துக்காக 1984-இல் தொடங்கி ஐந்து மாதம் இழுத்தடித்த பந்தயத்தில் 48-ஆவது ஆட்டம் இதுதான். எட்டாவது நகர்வில் சி4 வந்ததும் கார்ப்போவ் குதிரையை எஃப்6-க்கே திருப்பிக்கொண்டார். ஆட்டத்தில் காஸ்பரோவ் ஜெயித்தார். அதோடு பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் பேத்தி மனப்பாடம் செய்துவிடுவாள். எனக்குக் கவலை, வெள்ளை சத்தமில்லாமல் ஆடும் வழிகளில்தான். பள்ளிக்கூடப் போட்டிகளில் பாதிப் பேர் அப்படித்தான் ஆடுவார்கள், தியரி, அதாவது புத்தகத்தில் உள்ள வரிகள், தெரியாததால்.

ஐந்தாவது நகர்வில் வெள்ளை வெறுமனே டி3 ஆடினால் என்ன செய்வது? குதிரை எஃப்6-க்குத் திரும்பும். அடுத்து வெள்ளை டி4, கருப்பு டி5. இரண்டு பக்கமும் கண்ணாடி போல ஒன்றாக இருக்கும், நகர்வு மட்டும் வெள்ளையின் கையில். இது ஃபிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற இன்னொரு ஆரம்ப ஆட்டத்தில் சிப்பாய்களை மாற்றிக்கொண்டால் வரும் அதே நிலைதான். செத்துப்போன நிலை என்பார்கள். 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது ஐந்தாவது ஆட்டத்தில் நம்ம குகேஷ் வெள்ளையில் அந்த ஃபிரெஞ்சு மாற்றத்தைத்தான் ஆடினார். நடுவில் ஒரு தவறு செய்து மாட்டிக்கொள்ள இருந்தார். டிங் லிரென் அதைப் பிடிக்கவில்லை, டிரா ஆயிற்று. இரண்டு பேருக்கும் ஒன்றும் நடக்காது என்று தோன்றும் இடத்தில்தான் கவனம் கழன்றுவிடுகிறது.

ராணி இ2 இன்னொரு வழி. குதிரைக்குப் பின்னால் கருப்பு ராஜா இருப்பதால் குதிரை அசைய முடியாது. கருப்பு ராணி உடனே இ7-க்கு வந்து நடுவில் நிற்க வேண்டும், பிறகுதான் குதிரை இறங்கலாம். அப்புறம் இரண்டு ராணிகளும் ஒரே வரிசையில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியூபாவின் கபாபிளாங்காவுக்கு எதிராக அமெரிக்காவின் மார்ஷல் இந்த நிலைக்கு வந்தார். ராணியை மாற்றிக்கொண்டிருக்கலாம். அடித்து ஆடிப் பழகிய கை, மனசு வரவில்லை போலிருக்கிறது. பிஷப்பை இ6-இல் வைத்தார். கபாபிளாங்கா கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி ஜெயித்துவிட்டார். சின்ன வயதில் உன்னை யாராவது பெட்ராஃப் ஆட வைத்திருந்தால் நீயும் மார்ஷல் மாதிரிதான் ஆடியிருப்பாய்.

மூன்றாவது வழிதான் முக்கியம், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஐந்தாவது நகர்வில் வெள்ளை அடுத்த குதிரையை சி3-க்குக் கொண்டுவரும். பார்க்கச் சாதுவாக இருக்கும், குதிரைக்குக் குதிரை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிற மாதிரி. 1988, சுவிட்சர்லாந்தின் பியல் நகரம். ஆனந்துக்கு 18 வயது. உலக ஜூனியர் பட்டம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வெள்ளையில் கொலம்பியாவின் சபாட்டா. ஆனந்த் குதிரையை மாற்றிக்கொள்ளாமல் பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார். சபாட்டா ராணியை இ2-இல் வைத்தார். ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆறே நகர்வு.

போர்டில் வைத்துப் பார். குதிரை ராஜாவோடு கட்டப்பட்டுவிட்டது. டி5 சிப்பாயால் தாங்கினால் வெள்ளை டி3 ஆடும், கட்டப்பட்ட குதிரை போயிற்று. ராணியை இ7-க்குக் கொண்டுவந்தால்? போன பத்தியில் இதுதானே மருந்து என்பாய். இங்கே வெள்ளைக்கு சி3-இல் ஒரு குதிரை இருக்கிறதே, அது டி5-க்குப் பாய்ந்து ராணியை விரட்டும், சி7-ஐயும் குறிவைக்கும். ராணி விலகினால் மறுபடி டி3. அதே நோய்தான், மருந்து மட்டும் வேலை செய்யாது.

ஆனந்த் அந்த பிஷப் நகர்வைச் சும்மா ஆடவில்லை. முந்தின வருடம் மைல்ஸும் கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் கிறிஸ்டியன்சன் அதையே ஆடியிருந்தார். மைல்ஸ் ராணி இ2 ஆடவில்லை, குதிரையை எடுத்தார், டிராவில் முடிந்தது. அச்சில் வந்த ஆட்டம், இரண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர்கள், சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைப்போம். அதே 1988-இல்தான் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார் என்பதையும் பேத்தியிடம் சொல். அவள் நோட்டில் கோச் எழுதிக்கொடுத்த வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் அவளே ஒருமுறை போர்டில் "ராணி இ2 வந்தால்?" என்று கேட்டுப் பார்க்கட்டும்.

சி3-க்குச் சரியான பதில் குதிரையை மாற்றிக்கொள்வதுதான். வெள்ளை டி சிப்பாயால் எடுக்கும். பிறகு பிஷப் இ3, ராணி டி2, நீளப் பக்கம் கேஸ்லிங், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி ராஜாவை ஓரமாக ஒதுக்குவது. கருப்பு ராஜா குட்டைப் பக்கம் போயிருந்தால் எச் சிப்பாய் அந்தப் பக்கம் கிளம்பிவிடும். சாது என்று நினைத்த வழி சண்டையில் போய் நிற்கும். உனக்கே பிடிக்கும்.

"டிரா வாங்கும் ஆட்டம்" என்றாயே, அதற்கும் ஒன்று. 2018-இல் லண்டனில் உலகப் பட்டப் பந்தயம், ஆறாவது ஆட்டம். கருவானா கருப்பில் பெட்ராஃப். கார்ல்சன் வெள்ளைக் குதிரையை எஃப்3-க்குத் திருப்பாமல் டி3-க்குக் கொண்டுபோனார். மிக அமைதியான வழி. அப்புறம் நடந்தது வேடிக்கை. வெள்ளைக் குதிரை எஃப்4, டி5 என்று வந்து இ7-இல் ராணியை வெட்டியது. கருப்புக் குதிரை சி6, டி4 என்று வந்து இ2-இல் ராணியை வெட்டியது. இரண்டும் வந்த வழியே திரும்பின. முதல் ஒன்பது நகர்வில் ஏழு முறை வெள்ளை அந்த ஒரே குதிரையைத்தான் நகர்த்தியது. ராணிகள் இல்லை, சத்தம் இல்லை. ஆனால் 80 நகர்வு போன ஆட்டத்தில் கடைசிவரை திணறியது வெள்ளை. 68-ஆவது நகர்வில் பிஷப்பை எச்4-க்குக் கொண்டுபோயிருந்தால் கருப்புக்கு வெற்றி என்று கம்ப்யூட்டர் காட்டியது. அதற்குப் பிறகு குதிரையை ஜி1-இல், தானே அடைபடும் இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மனுஷன் யாரும் அதை ஆடமாட்டான். டிரா.

பேத்தியைத் திட்டாதே. அவளை ஓப்பனிங், அதான் இந்த ஆரம்ப ஆட்டத்தை, மாற்றச் சொல்லியும் கோச்சிடம் போய் நிற்காதே. கோச்சுகளுக்கு நம்மைப் போன்ற தாத்தாக்கள்தான் பெரிய தொல்லை.

கண் தெளிந்துவிட்டது, பொழுது நிறைய இருக்கிறது. இன்னொரு ஆட்டம் ஆடுவோமா? வெள்ளை நீயே வைத்துக்கொள். முதல் இரண்டு நகர்வும் எப்படி ஆடுவாய் என்று தெரியும், அதற்குத் தபால் செலவு வேண்டாம். இ4, இ5. குதிரை எஃப்3, குதிரை எஃப்6. மூன்றாவதை எழுதி அனுப்பு. வாட்ஸ்அப் வேண்டாம், அட்டையே போடு. இப்போது ஐம்பது பைசா.

முழங்கால் விஷயத்தையும் அதிலேயே எழுது.

அன்புடன்,
ராமநாதன்

பி.கு.: இந்தத் தடவை டி6 முதலில் ஆடுவேன்.