ஓபெத் குழுவினருக்கு: உங்கள் உயிலைக் கேட்டேன்

பாடகர் மைக்கேல் ஓக்கர்ஃபெல்ட்டுக்கும் ஸ்வீடனின் ஓபெத் மெட்டல் இசைக்குழுவினருக்கும்,

உங்கள் ‘உயில்’ ஆல்பம் அக்டோபர் 11இல் வரும் என்றீர்கள். பிறகு 2024 நவம்பர் 22க்குத் தள்ளிவைத்தீர்கள். ஆகஸ்டில் முதல் பாடலை வெளியிட்டபோதும் நான் தொடவில்லை. உயிலை முழுதாகத்தானே வாசிக்க வேண்டும்! இப்போது ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ ஆல்பத்தை இரண்டு முறை கேட்டுவிட்டேன். பத்தாவது முறையில் என் கருத்து மாறலாம். உங்கள் ஆல்பங்களில் எனக்கு அது வழக்கம்.

முதலில் அந்த உறுமல், டெத் மெட்டல் பாணியில் தொண்டையிலிருந்து கிளம்பும் உங்கள் கரகரத்த குரல். 2011இல் ‘ஹெரிட்டேஜ்’ ஆல்பம் வந்து உறுமல் நின்றபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். நான்கு ஆல்பங்கள் அப்படியே போயின. மெல்ல மெல்லோட்ரான் என்ற அந்தப் பழைய கீபோர்டின் ஒலியிலும் மனம் ஒட்டிக்கொண்டது. அதனால் 2008க்குப் பிறகு உறுமல் திரும்புகிறது என்ற செய்தி வந்தபோது மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே அதிகம்: எங்கள் முணுமுணுப்பை அடக்கத்தான் இதைச் செய்கிறீர்களோ?

இல்லை. ஆல்பத்தின் கதை நடப்பது முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில். செத்துப்போன செல்வந்தரின் உயிலைக் கேட்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அறையில் அவர் பேசினால் வேறு எப்படிப் பேசுவார்? மண்ணுக்குள் போன பிறகும் அதிகாரத்தை விடாத குரல் அது. பழைய ஆல்பங்களில் உறுமலை நான் இன்னொரு வாத்தியமாகத்தான் கேட்டேன். இதில் அது ஒரு மனிதர். வெறுக்கத் தகுந்த மனிதர்.

ஜெத்ரோ டல் ராக் குழுவின் இயன் ஆண்டர்சன் உயிலின் வாசகங்களைப் படிக்கும் தொனியில் ஒரு வக்கீலின் நிதானம் இருக்கிறது. நான்காம் பகுதியில் அவருடைய புல்லாங்குழல் நுழைந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டேன். புதிய டிரம்ஸ் கலைஞர் வால்ட்டேரி வாய்ருனெனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அவர் வந்ததில் குழுவுக்கே வயது குறைந்திருக்கிறது.

குறையும் உண்டு. ஒரு ரிஃப், அதாவது ஒரு கிட்டார் இசைத்துணுக்கு, காதில் ஏறி உட்காருவதற்குள் அடுத்தது வந்து தள்ளிவிடுகிறது. பழைய ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஆளை மயக்குவீர்களே, அந்தப் பொறுமை இதில் குறைவு. மூன்றாம் பகுதிக்கும் ஐந்தாம் பகுதிக்கும் எனக்கு இன்னும் வேறுபாடு பிடிபடவில்லை. முதல் ஏழு பாடல்களுக்கும் வெறும் பத்தி எண்களைத் தலைப்பாக வைத்தால் நண்பனிடம் எந்தப் பாட்டைக் கேட்கச் சொல்வது?

எட்டாவதுக்கு மட்டும் பெயர் உண்டு. உறுமல் இல்லை, அவசரமும் இல்லை. உயிலின்படி சொத்தெல்லாம் பெற்ற பெண்ணும் உண்மையில் அந்தச் செல்வந்தரின் மகள் இல்லை என்று அந்த மெல்லிய பாட்டு சொல்லும்போது, ஏழு பத்திகளாக உறுமிய கிழவர் மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். என்றாவது ஒரு மேடையில் இதை வரிசை மாறாமல் முழுதாக வாசியுங்கள். பாட்டுக்குப் பாட்டு நீங்கள் அடிக்கும் நக்கல் எனக்குப் பிடிக்கும் மைக்கேல்; அன்று மட்டும் எட்டாவது பாட்டு முடியும்வரை அதை அடக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
முன்பு முகத்தைத் தூக்கி வைத்திருந்த ரசிகன்