கொடைப்பசுவுக்கு மூன்றாம் முறை ஊசி போடுமுன்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி.

வேறு பசுக்களில் வைப்பதற்காகக் கருக்களை எடுக்கும் உன் கொடைப்பசு, முதல் முறை நிறையக் கருக்கள் தந்துவிட்டு, அதே ஊசிக்கு இரண்டாம் முறை ஏன் மந்தமாக இருந்தது என்று கேட்டிருந்தாய். நீ போட்டது, ஒரே நேரத்தில் பல சினைமுட்டைகளை வளரத் தூண்டுவதற்காகச் சினைக் குதிரையின் சீரத்திலிருந்து (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) எடுக்கப்படும் ஹார்மோன். கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் இருவரும் 1930இல் கண்டறிந்த இந்தப் பெரிய புரதத்தின் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் சர்க்கரை. அதனால்தான் மாட்டின் உடலில் அதன் அரை ஆயுள், அதாவது பாதி அளவு கழிய ஆகும் நேரம், சுமார் 40 மணி நேரமாக நீள்கிறது. ஒரே ஊசி போதுமாகிறது. ஆனால் அத்தனை நாள் இரத்தத்தில் சுற்றும் அயல் புரதத்தை நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டுகொள்கிறது. மறுமுறை அந்த ஹார்மோன் வரும்போது, அது சினைப்பையை அடையும் முன்பே, அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் அதன் ஒரு பகுதியைப் பிடித்துவிடக்கூடும். பிரான்சில் ஆண்டுதோறும் இதே ஊசி போடப்பட்ட பால் ஆடுகளில், எதிர்ப்பொருள் மிகுந்தவை தாமதமாகப் பருவத்துக்கு வந்ததையும், குறித்த நேரத்தில் போட்ட கருவூட்டல் அவற்றில் தவறியதையும் அந்நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதே எதிர்ப்பொருளைத் தயாரித்து, கருவூட்டல் வேளையில் மிச்ச ஹார்மோனை அடக்குவதற்கு மருந்தாகவே கொடுத்ததும் உண்டு என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புரோஸ்டாகிளாண்டினில் இந்தக் கவலை இல்லை. அது கொழுப்பு அமிலத்திலிருந்து வரும் சிறு மூலக்கூறு. இனப்பெருக்க ஹார்மோன்களைச் சுரக்கத் தூண்டும் மூளை ஹார்மோனான ஜிஎன்ஆர்எச் பத்தே அமினோ அமிலங்கள் கொண்டது, மாட்டின் சொந்த ஹார்மோனும் அதே வடிவந்தான். அதற்கு எதிராகத் தடுப்பூசி செய்ய விரும்பியவர்கள் அதை வேறொரு பெரிய புரதத்தோடு பிணைக்க வேண்டியிருந்தது.

எனினும் எதிர்ப்பொருள்மீதே பழி போட்டுவிடாதே. ஊசி தொடங்கும் நாளில் சினைப்பையில் பெரிய சினைமுட்டைப்பை (முட்டை வளரும் நீர்க்குமிழி) ஒன்று ஓங்கி நின்றாலும் மற்றவை வளராமல் போகும்; ஸ்கேனில் முதலில் அதைப் பார். அதுவும் இல்லையெனில், தயவுசெய்து குதிரை ஹார்மோனின் அளவைக் கூட்டாதே. பன்றியின் பிட்யூட்டரியிலிருந்து (மூளையடிச் சுரப்பி) எடுத்த, சினைமுட்டைப்பைகளை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனை நான்கு நாள், காலையும் மாலையும், அளவைக் குறைத்துக்கொண்டே போடு. அதுவும் அயல் புரதந்தான் என்றாலும் சில மணி நேரத்தில் கழிந்துவிடுகிறது. இனி எந்தப் பசுவுக்கு எந்த மருந்து, எத்தனையாவது முறை என்பதைப் பண்ணைப் பதிவேட்டில் தனிப் பத்தியாகவே எழுதச் சொல். அடுத்த முறை கருப்பையைக் கழுவி எடுக்கும் கருக்களின் எண்ணிக்கையை எனக்குத் தெரிவி.

அன்புடன்,
இராமநாதன்