கார்பன் கிராங்க் வாங்கும் முன் பல்லையும் அச்சையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ரோடு பைக்கை மேம்படுத்துவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், எடை குறைந்த கார்பன் கிராங்க்செட் (பெடல் மாட்டும் இரு கைகளும் முன் பற்சக்கரங்களும் சேர்ந்த தொகுதி) மாட்டினால் மலையேற்றம் எளிதாகிவிடும் என்று எழுதியிருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்போது கல்லூரிப் பிள்ளைகள் முதல் அரசு ஊழியர்கள் வரை விடிகாலையில் ரோடு பைக்கில் கிளம்புகிறார்கள். அவர்கள் அதை நம்பிப் பணத்தைப் போடுவதற்குள் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

ஷிமானோ நிறுவனத்தின் 105 ஆர்7000 அலுமினிய கிராங்க்செட் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நல்ல கார்பன் கிராங்க்செட் 550 முதல் 600 கிராம் வரை வரும். மிச்சம் 200 கிராம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் அது 0.25 சதவீதம். அரை மணி நேர ஏற்றத்தில் நாலைந்து நொடி குறையும், அவ்வளவுதான். 750 மில்லி பாட்டிலில் கால் பங்குக்குச் சற்று மேல் தண்ணீர் குடித்தாலே அந்த எடை இறங்கிவிடும். ஷிமானோவின் உச்ச ரகமான டியூரா-ஏஸ் ஆர்9100, ஆர்9200 இரண்டுமே அலுமினியம்தான் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

வத்தல்மலைச் சாலையிலும், ஒகேனக்கல்லில் இருந்து பென்னாகரம் திரும்பும் ஏற்றத்திலும் முட்டியைக் காப்பாற்றுவது முன் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கை. 700x25 டயரில், பின்னால் 28 பல்லில் செயின் ஓட, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முன்னால் 39 பல்லுக்கு மணிக்கு 10.5 கிலோமீட்டர் வேகம் தேவை. 34 பல்லுக்கு 9.2 போதும். பின்னால் 32 பல் இருந்தால் 8 கிலோமீட்டரிலும் அதே சுற்றோடு ஏறலாம். செங்குத்தில் அந்த வேகத்துக்குக் கீழே போனால் மிதி கனத்து, இடுப்பை ஆட்டி ஆட்டி ஏற வேண்டி வரும். எனவே 50/34 (பெரிய முன் சக்கரத்தில் 50 பல், சின்னதில் 34) கிடைக்கும் கிராங்க்கையே தேடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 53/39 கார்பன் கிராங்க்கை வாங்கிவிட்டு, பிறகு சின்ன செயின்ரிங் (முன் பற்சக்கரம்) மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அவற்றில் செயின்ரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர். அதில் 38 பல்லுக்குக் கீழே உட்காராது. 34 பல் வேண்டுமென்றால் வட்டம் 110 ஆக இருக்க வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது இரண்டு கிராங்க் கைகளையும் இணைக்கும் அச்சில். ஷிமானோ அச்சு 24 மில்லிமீட்டர். ஸ்ராம் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஜிஎக்ஸ்பி ரக அச்சு வலப்பக்கம் 24, இடப்பக்கம் 22. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், இருக்கிற ஷிமானோ பாட்டம் பிராக்கெட்டிலேயே (ஃபிரேமில் அச்சு சுழலும் பேரிங் தொகுதி) ஜிஎக்ஸ்பி கிராங்க்கைச் செருகிவிடுகிறார்கள். இடப்பக்கம் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் அச்சு ஆடும், கொஞ்ச நாளில் பேரிங் போய்விடும். அதே ஸ்ராமின் புதிய டப் அச்சு 28.99 மில்லிமீட்டர். அதற்கு டப் பாட்டம் பிராக்கெட் தவிர வேறெதுவும் பொருந்தாது. 30 மில்லிமீட்டர் அச்சை, பாட்டம் பிராக்கெட்டை மரையில் திருகி மாட்டும் 68 மில்லிமீட்டர் அகல பிஎஸ்ஏ ரக ஃபிரேமில் பொருத்த முடியும். ஆனால் பேரிங் குண்டுகள் சின்னதாகிவிடும். கிரானைட் லாரிகள் ஓடும் கிருஷ்ணகிரிச் சாலைகளின் கல்தூளில் அவை வெகுகாலம் தாங்காது. நம் ஊருக்கு 24 மில்லிமீட்டர் அச்சே உத்தமம் என்பது என் கருத்து.

மாட்டும்போது நடக்கும் தவறு எல்லாவற்றையும் விடக் கொடியது. பிஎஸ்ஏ ஃபிரேமில் பாட்டம் பிராக்கெட்டின் வலப்பக்கக் கோப்பை எதிர்மரை. இடமாகச் சுற்றினால் இறுகும், வலமாகச் சுற்றினால் கழலும். வழக்கமான பழக்கத்தில் நீளக் குழாய் போட்டு எதிர்த்திசையில் அழுத்தினால் அலுமினிய ஃபிரேமின் மரை மாவாக உதிர்ந்துவிடும். அதன் பிறகு ஃபிரேமைச் சரிசெய்வது பெரும்பாடு. மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்று வெறும் விரலால் போக வேண்டும். விரலுக்குப் போகவில்லையென்றால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி தொடங்குங்கள். கடைசியில் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம்.

ஸ்ராம் டப் கிராங்க்கின் போல்ட்டுக்கு 54 நியூட்டன் மீட்டர் வேண்டும். 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 18 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம் அது. சின்ன அலென் கீயில் 'டைட்டா இருக்கு' என்று விட்டுவிட்டால் அந்த இறுக்கம் வராது. கிராங்க் கை அச்சின் பற்களின் மேல் நகர்ந்து நகர்ந்து பற்களை மழுக்கிவிடும், கிராங்க் வீணாகும். ஷிமானோவின் இடது கிராங்க் கையில் இருக்கும் இரண்டு போல்ட்டுக்கோ 12 முதல் 14 போதும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கையளவு நம்பாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருக்கும் கடையில் மட்டுமே கார்பனைக் கொடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பெடல் ஏறும் அலுமினிய வளையம் கார்பனுக்குள் ஒட்டியிருக்கும். வியர்வை இறங்கினால் அலுமினியம் அரித்து ஒட்டு விடும். மிதிக்கும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் பெடலைக் கழற்றி, வளையத்தைச் சுற்றி மயிரிழைக் கீறல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் அதை ஓட்டவே கூடாது. அலுமினியம் பல நேரம் வளைந்து எச்சரிக்கும், கார்பன் அப்படியே முறியும். ஷூ உரசும் இடத்தில் தூசியும் சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஒட்டும் படலம் ஒன்றை முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

செயினை ஒரு முன் பற்சக்கரத்திலிருந்து மற்றதுக்கு மாற்றும் முன் டீரெய்லியரை மறந்துவிடக் கூடாது. 52 பல்லிலிருந்து 50க்கு மாறினால் அதைக் கீழே இறக்கி, கூண்டுக்கும் பெரிய பல்லுக்கும் 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும்.

பழையது வாங்குவோருக்கு இன்னொன்று. கார்பனைத் தவிர்த்து ஷிமானோ அல்டெக்ரா, டியூரா-ஏஸ் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான 11 வேக கிராங்க்குகளில் ஒட்டிய இரு பாதிகளும் பிரியக்கூடும் என்று அந்த நிறுவனமே 2023 செப்டம்பரில் பரிசோதனைத் திட்டத்தை அறிவித்தது. எஃப்சி-6800, ஆர்8000, 9000, ஆர்9100 மாடல்கள் அதில் அடக்கம். கிராங்க் கையின் உட்பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். அது கேஎஃப் முதல் ஆர்எஃப் வரைக்குள் இருந்தால் பரிசோதித்த பிறகே ஓட்ட வேண்டும். விற்பவரிடம் அந்த எழுத்துத் தெளிவாகத் தெரியும் புகைப்படம் ஒன்றைக் கேளுங்கள். அது கைக்கு வந்த பிறகு பணம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்க்கும் வாசகர்,
தருமபுரி.