புதன்கிழமை ஜெபக்கூட்டம்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பிரியமானவர்களே!

வரும் புதன் மாலை 6.30க்கு வழக்கம்போல மஞ்சக்குப்பம் வீட்டில் கூடுகிறோம். வாசிக்கப்போவது ரோமர் 5:8. நாம் திருந்திய பிறகு அல்ல, பாவிகளாய் இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார் பவுல். அந்த 'போதே'யிலேயே இரண்டு நாளாக என் மனசு நிற்கிறது.

2011 டிசம்பர் 30, தானே புயல் நம் கடலூரைப் புரட்டிப்போட்ட நாள். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. வேலித் தகராறில் மூன்று வருடமாக எங்களோடு பேசாத பக்கத்து வீட்டு அக்கா, அடிபம்பில் அடித்த தண்ணீரைக் குடம் நிறையக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். நாங்கள் அதுவரை மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. தவறு எங்கள் பக்கம்தான். அந்தக் குடத்தின் கழுத்தில் ஒட்டியிருந்த வேப்பிலைகூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, ஒரு வேண்டுகோள். நீங்கள் பேசாமல் விட்ட ஒருவரிடம் புதனுக்குள் நீங்களே முதலில் பேசுங்கள். அவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போன் செய்தாலும் போதும்.

அப்புறம், வயதானவர்களை அழைத்துவர வண்டி வேண்டுமென்றால் செவ்வாய்க்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.