சைப்ரஸில் இருந்தது 'பரம்பரைப் பகை'யா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சைப்ரஸ் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1974 போர் பற்றிய பகுதி அருமை. ஆனால் அங்குள்ள கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் 'நூற்றாண்டுகளாகத் தொடரும் பரம்பரைப் பகை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை வரலாறு கற்பித்த என்னால் ஏற்க முடியவில்லை.

1571இல் தீவைப் பிடித்த ஒட்டோமான் துருக்கியர்கள் மக்களை மதத்தை வைத்தே பிரித்தார்கள். கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் திருச்சபையின் பேராயருக்குப் பீடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாளடைவில் தம் மக்களிடம் வரி வசூலித்துக் கட்டும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிரேக்க விடுதலைப் போர் மூண்ட 1821இல் பேராயர் கிப்ரியானோஸை நிகோசியாவில் தூக்கிலிட்டார்கள். கொடுமையே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொலையைச் செய்தது ஆட்சி. ஊருக்குள் 'லினோபம்பாகி' என்றே ஒரு பிரிவினர் வாழ்ந்தார்கள். லினனும் பருத்தியும் கலந்தவர்கள் என்று பொருள். வெளியே முஸ்லிம், வீட்டுக்குள் கிறிஸ்தவர். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். சுன்னத்தும் உண்டு, ஞானஸ்நானமும் உண்டு.

1878இல் வந்த பிரிட்டிஷார், 1882இல் சட்டசபை அமைத்தபோது தேர்தல் இடங்களை மதவாரியாகப் பங்கிட்டார்கள். முஸ்லிம்களுக்கு, அதாவது துருக்கியருக்கு 3, பெரும்பாலும் கிரேக்கரான மற்றவர்களுக்கு 9. அதிகாரிகள் 6 பேர். மூன்றும் ஆறும் ஒன்பது! சரிசமமாக வந்தால் தலைமை வகிக்கும் ஹை கமிஷனரின் (தீவின் பிரிட்டிஷ் ஆட்சித் தலைவர்) வாக்குதான் முடிவு. முஸ்லிம் உறுப்பினர்கள் அதிகாரிகள் பக்கம் நிற்கும்வரை பெரும்பான்மையின் கை கட்டப்பட்டதுதான். பக்கத்து வீட்டுக்காரன் ஆட்சியின் ஆளாகத் தெரியத் தொடங்கியது இங்கேதான் என்பது என் எண்ணம். 1925இல் இடங்களைக் கூட்டினார்கள். கிரேக்கர் பக்கம் 12, அதிகாரிகளும் முஸ்லிம் உறுப்பினர்களும் சேர்ந்து 12. கணக்கு மாறவில்லை.

திருச்சபையையும் விட்டுவிட முடியாது. கிரேக்கத்தோடு இணைய வேண்டும் என்று 1950 ஜனவரியில் அது தேவாலயங்களுக்குள்ளேயே வெளிப்படையாகக் கையெழுத்து வாங்கியது. அங்கே நின்று 'வேண்டாம்' என்று எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

கட்டுரையில் விடுபட்ட ஒருவரைச் சொல்ல வேண்டும். 1931இல் அரசு கொண்டுவந்த வரி மசோதாவை எதிர்த்து, கிரேக்க உறுப்பினர்களோடு சேர்ந்து வாக்களித்தார் நெஜாதி என்ற துருக்கிய உறுப்பினர். மசோதா தோற்றது. சபை மறுத்த வரியை லண்டன் தனி ஆணை போட்டுத் திணித்தது. அக்டோபரில் கலவரம் வெடித்தது, ஆளுநர் மாளிகை எரிந்தது. சட்டசபையைக் கலைத்தார்கள், பிரிட்டிஷ் ஆட்சி முடியும்வரை அது மறுபடி கூடவே இல்லை. சைப்ரஸ் பற்றி அடுத்து எழுதும்போது நெஜாதியின் அந்த ஒரு வாக்குக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள் ஐயா.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காரைக்குடி