கயலுக்கு, டிசம்பரில் வருமுன்

ராமநாதபுரம்

அன்புள்ள கயலுக்கு,

டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளோடு வருவதாகவும், நம்ம ஊர் வரலாற்று மன்றத்துக்கு ஒரு தொகை கொடுக்க நினைப்பதாகவும் சொன்னாய். எங்கெங்கே கூட்டிப்போகலாம் என்றும் கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். முதலில் இடங்களைப் பாருங்கள். பணப்பேச்சு அதற்கப்புறம். பார்க்காமல் கொடுத்த பணம் பெரும்பாலும் டைல்ஸாகவும் கிரானைட் பெயர்ப்பலகையாகவும்தான் முடிகிறது.

டிசம்பர் இங்கே மழைக்காலம். அதனால் முதல் நாளை அரண்மனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே நனையாமல் பார்க்கலாம். அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள். தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றியவர், இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி. அரண்மனைக்குள் இருக்கிற ராமலிங்க விலாசம் அவர் காலத்துக் கட்டடம். சுவர் ஓவியங்கள் அவருக்கு அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் ஒன்றும் தெரியாது. கண் பழக ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். அப்புறம் தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டை எந்தச் சுவரில் இருக்கிறது, தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பிள்ளைகளையே தேடவிடு. ராமாயணம், பாகவதம் எல்லாம் தானாகவே கண்ணில் படும். ஃப்ளாஷ் போடக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. விரலிலிருக்கும் வேர்வையும் எண்ணெயும் வண்ணத்துக்கு ஆகாது.

இந்தக் கரையில் எந்தப் பழைய சுவரைப் பார்த்தாலும் முதலில் அதன் அடிப்பகுதியைப் பார். முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. நிலத்தடி உப்புத்தண்ணீர் சுவரில் ஏறி, வெளிப்பக்கம் வந்து காயும்போது உப்பு படிகமாகிறது. படிகம் பெருகுகிற வேகத்தில் பூச்சும் கல்லும் செதிள் செதிளாக உதிரும். பழைய சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். உப்பு அதன் வழியாக வெளியே வந்துவிடும், உதிர்ந்தால் பூச்சுதான் உதிரும், மறுபடி பூசிக்கொள்ளலாம். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உப்பு பின்னால் இருக்கிற கல்லைத் தின்ன ஆரம்பிக்கும். சிமெண்ட் பளபளவென்று நிற்க, நாலைந்து மழைக்காலத்தில் கல் மாவாகிவிடும். ராமேஸ்வரம் சேதுவுக்குப் போகிற பாதையில் சேதுபதிகள் கட்டிய சத்திரங்களைப் “புதுப்பிக்கிறோம்” என்று யாராவது வந்தால், சிமெண்டா சுண்ணாம்பா என்பதுதான் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி. சிப்பிச் சுண்ணாம்பை நன்றாக நீற்றி ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு ஆற்று மணல் சேர்த்து, கடுக்காயும் பனங்கருப்பட்டியும் ஊறின தண்ணீரில் அரைத்துப் பூசுவார்கள். கடல் மணல் சேர்த்தால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசுகிற கதைதான். பூசிய பிறகு ஈரச்சாக்கு போட்டு மெல்லக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம், வேரோடு கல்லும் சேர்ந்து வரும். அளவாக வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்துவிட்டுத்தான் கல்லை அசைக்க வேண்டும். அது தெரிந்த கொத்தனார் இப்போது அரிது, கூலியும் கூட. அந்தக் கூலிக்குக் கொடு, தாராளமாகக் கொடு.

இரண்டாவது நாள் மழை விட்டிருந்தால் அழகன்குளம். அங்கே ஒரு கோட்டையையோ தூணையோ எதிர்பார்த்துப் போனால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். வைகை கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் வீடுகளும் தென்னையுமாக இருக்கிற ஊர் அது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல தடவை தோண்டியது, 2016–17-லும் தோண்டியது. குழிகளை மூடிவிடுவது வழக்கம், மூடினால்தான் மிச்சம் பிழைக்கும். கிடைத்தவை ரோமானியக் காசுகள், ரோமானிய மதுச்சாடி ஓடுகள், வடநாட்டுக் கறுப்புப் பளபளப்பு ஓடுகள், ஒரு பெரிய கப்பலைக் கீறிய பானை ஓடு. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போனால்தான் அந்த மேட்டில் நிற்பதற்கு அர்த்தம் இருக்கும்.

மழைக்குப் பிறகு மண் கழுவப்பட்டு ஓடுகள் மேலே தெரியும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருந்தால் கருப்பு-சிவப்பு ஓடு, அது சாதாரணமாகக் கிடைக்கும். மெல்லிசாக, சாம்பல் நிறத்தில், தட்டினால் கிண்ணென்று ஒலித்து, தட்டின் உள்ளடியில் வட்டவட்டமாகப் பொடிப்பொடிப் பள்ளங்கள் இருந்தால் அது ரௌலட்டட் வகை. அதைப் பார்த்தால் நின்றுவிடு. பெரியபட்டினத்துப் பக்கம் என்றால் பச்சைக் கண்ணாடிப் பூச்சுள்ள ஓடும் வெள்ளையில் நீலக்கோடு போட்ட ஓடும் கிடைக்கலாம். அவை சீனத்திலிருந்து கப்பலில் வந்தவை.

கிடைத்ததை எடுக்கக் கூடாது. இதில் மன்றத்தார் கறார், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஓடு கிடக்கிற இடத்திலேயே, பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் அளவுகோலை வைத்து (இல்லாவிட்டால் ஒரு ஐந்து ரூபாய் நாணயம்) நேர் மேலிருந்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரிய எட்ட நின்று ஒரு படம். போனில் இடக்குறியீட்டை இயக்கிவிட்டு எடுத்தால் இடமும் பதிவாகும். வயலா, தோப்பா, கிணறு வெட்டின மண்ணா என்று எழுதிக்கொள். கிணற்று மண் என்றால் எத்தனை அடி ஆழம் என்று வெட்டினவரிடம் அங்கேயே கேட்டுவிடு, மறுநாள் அவருக்கே நினைவிருக்காது. இடம் தெரியாத ஓடு அலமாரியில் இருந்தாலும் குப்பையில் இருந்தாலும் ஒன்றுதான்.

பேரன் பாசிமணியையோ காசையோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடப் போகிறான், அதில் கவனமாக இரு. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது எதுவானாலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி என்றால் எழுபத்தைந்து வருஷமே போதும். நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். மண்ணுக்குள் கிடைக்கிற புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-லிருந்து இருக்கிற சட்டம்.

காசு என்றதும் இன்னொன்று. ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் படுத்த நந்தி, அதன் கீழே “சேது” என்ற எழுத்து. இப்படி ஒரு செம்புக்காசை யாராவது காட்டி “நம்ம சேதுபதி அடிச்ச காசு” என்பார்கள். அது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. அதைவிட மோசம், பளிச்சென்று தெரியட்டும் என்று புளி போட்டுத் தேய்ப்பது. புளியின் அமிலம் பச்சைக் களிம்பை மட்டும் எடுக்காது, எழுத்தின் விளிம்பையும் சேர்த்து அரித்துவிடும். செப்பேட்டுக்கும் இதே கதிதான். தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

மூன்றாவது நாள் தெற்கே திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை. திருப்புல்லாணி திருமங்கையாழ்வார் பாடின ஊர். சுவாமி கும்பிட்டுவிட்டுச் சுவர்க் கல்வெட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். பாண்டியர் கல்வெட்டில் “யாண்டு ஐந்தாவதின் எதிர் மூன்றாவது” என்பது போல வரும். ஐந்தையும் மூன்றையும் கூட்டி எட்டாம் ஆட்சியாண்டு என்று கொள்ள வேண்டும். பேத்திக்குக் கணக்குப் பிடிக்குமே, அவளைக் கண்டுபிடிக்கச் சொல். எழுத்து தெரியவில்லை என்று மஞ்சளோ மாவோ சாக்பீஸோ பூச வேண்டாம். சாயங்காலம் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். அதைப் படம் பிடி.

மன்றத்தார் எங்காவது அனுமதி வாங்கி மைப்படி (கல்வெட்டைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கிற படி) எடுப்பதாக இருந்தால் அரைநாள் கூடவே இருந்து பார். காலை ஏழு மணிக்குள் தொடங்குவார்கள், கடற்காற்று எழுந்துவிட்டால் தாள் ஒட்டுவதற்குள் காய்ந்துவிடும். முதலில் தண்ணீரும் தேங்காய்நார் பிரஷும் கொண்டு கல்லைக் கழுவுவார்கள். கம்பி பிரஷ் ஆகவே ஆகாது, உப்பு தின்ற மணற்கல் என்றால் நார் பிரஷையே மெத்தென்றுதான் வைக்க வேண்டும். பிறகு மேப்லித்தோ என்கிற அச்சுத்தாளை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டி, பிரஷின் முகத்தால் நேராகக் குத்திக் குத்தி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். சாய்த்துத் தேய்த்தால் கிழியும். தாளின் பளபளப்பு போய் அரை ஈரமாக இருக்கும்போது, துணிப்பொட்டணத்தில் மையைத் தொட்டு, முதலில் பலகையில் ஒற்றி, அப்புறம் தாளில் லேசாகத் தட்ட வேண்டும். ஈரம் கூடினால் மை ஊறிக் கல்லிலேயே கறையாகும். கோயிலார் அடுத்த தடவை உள்ளே விடாததற்கு இந்த ஒரு கறையே போதும். ஒரே தட்டில் கறுப்பாக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று தடவை மெல்லிசாகத் தட்டினால் கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து கூராக வரும். உரித்த கையோடு பின்பக்கத்தில் ஊர், கோயில், எந்தச் சுவர், எத்தனையாவது வரி, தேதி எல்லாம் பென்சிலால் எழுத வேண்டும். அதை எழுதாமல் சுருட்டி வைத்த படிகளை அடுக்கிப் பார்த்தால் வெறும் கறுப்புத் தாள்தான். பிள்ளைகளுக்கு அந்த எழுதுகிற வேலையைக் கொடு.

கீழக்கரையில் சீதக்காதி வள்ளலின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பாருங்கள், கோயில் ஸ்தபதியின் கை நன்றாகத் தெரியும். முன்னதாக ஜமாத்தில் ஒரு வார்த்தை கேட்டு, தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போ, தலையை மூடிக்கொள். பெண்கள் எதுவரை போகலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

தனுஷ்கோடியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்த இடம், நீங்கள் போவதும் அதே மாதம். தேவாலயச் சுவரின் பவளக்கல்லை யாரும் நினைவுக்கென்று பெயர்த்துக்கொள்ள வேண்டாம். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பவளத்தையும்தான், வனவிலங்குச் சட்டம் அதற்கும் உண்டு.

இனி பணம். நீ இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறாய். உன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக வந்தால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் சேராது. மாப்பிள்ளை சிங்கப்பூர் பாஸ்போர்ட், அவர் பணம் சேரும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத மன்றம் அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான். அதனால் இருவர் பெயரிலும் உள்ள கணக்கை விட்டுவிட்டு உன் பெயரில் மட்டும் இருக்கிற கணக்கிலிருந்து அனுப்பு, பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடு. கொடுக்குமுன் மன்றத்தின் பதிவு எண், போன வருஷத்துத் தணிக்கைக் கணக்கு, நன்கொடைக்கு வரிக்கழிவு தருகிற 80ஜி சான்று மூன்றையும் கேள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு அது சந்தோஷம்தான். இங்கே வருகிற வாடகைக்கு வரி கட்டுகிறாயே, 80ஜி கழிவு பழைய வரிமுறையில்தான் கிடைக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டாயிரத்துக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கொடுத்ததற்கான நன்கொடைச் சான்றுப் படிவத்தையும் கேட்டு வாங்கிக்கொள்.

ஒரே தடவை பெரிய தொகையாகக் கொடுப்பதைவிட, வருஷா வருஷம் சிறு தொகை நல்லது என்பேன். கட்டடத்துக்கு யாராவது கொடுத்துவிடுவார்கள், பெயர் தெரியும் அல்லவா. மேப்லித்தோ தாள், ஸ்கேனர், அமிலமில்லாத அட்டைப்பெட்டி, கரண்ட் பில், படியைப் படித்து எழுதித் தருகிற பிள்ளைகளுக்குப் பஸ் காசு, இதற்கெல்லாம் கை நீட்டினால் ஆள் கிடையாது. “இந்தச் செலவுக்கு” என்று கடிதத்தில் எழுதியே அனுப்பு. இரும்பு பீரோ வாங்கித் தருவதாக இருந்தால் சுவரை விட்டு அரையடி தள்ளி வைக்கச் சொல், இந்த ஊர்க் காற்றுக்கு முதுகுப்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வேண்டும். நீலமாக இருப்பது வெளிறி ரோஸ் ஆனால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், மிதமான சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். இதை மாதம் ஒருமுறை பார்க்க ஓர் ஆள் இல்லையென்றால் பீரோவே வேண்டாம்.

தாத்தா பெட்டியில் இருக்கும் பழைய பத்திரங்களையும் போட்டோக்களையும் மன்றத்துக்குக் கொடுக்கலாம் என்றாயே. நீ வரும்வரை நான் தொடவில்லை. லேமினேட் பண்ணிவிடாதே. சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் கூடாது, அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். போட்டோவில் இருப்பது யார் யார் என்று உன் பெரியத்தையிடம் கேட்டு, பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுவோம். அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, இதை மட்டும் வந்த முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். கொடுக்கும்போது நன்கொடையா, ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தரும் இரவலா என்று எழுதி, ஒவ்வொன்றின் அளவும் கிழிசலும் குறித்து, இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குவோம். ஒன்று அவர்களுக்கு, ஒன்று நமக்கு.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், தாயி. மைப்படி எடுக்கிற நாள் எது என்று மன்றத்தில் கேட்டு வைக்கிறேன். பிள்ளைகளுக்கு மழைக்கோட்டும், சேற்றில் கழன்று போகாத வார்ச் செருப்பும் கொண்டுவா. மாப்பிள்ளையிடம் அந்தப் பெரிய டார்ச் இருந்தால் அதையும்.

அன்புடன்,
அம்மா